நாற்பது ஸ்விட்ச், ஒரே கட்டளை: டேட்டா சென்டரை இயக்கும் வெப் ஏ.பி.ஐ.

உங்கள் வீட்டு வை-பை பாஸ்வேர்டை மாற்ற என்ன செய்கிறீர்கள்? பிரவுசரைத் திறந்து, அட்ரஸ் பாரில் 192.168.1.1 என டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள். (சில ரவுட்டர்களில் இந்த எண் சற்று மாறி இருக்கும்.) யூஸர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்தவுடன் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் கிடைக்கிறது. புதிய பாஸ்வேர்டைத் தந்து சேவ் பட்டனில் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. மூன்று நிமிட வேலை.

இதே வேலையை நாற்பது பெட்டிகளில், நானூறு பெட்டிகளில் செய்ய வேண்டும் என்றால்? ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து, ஒவ்வொன்றாக டைப் செய்து, ஒவ்வொன்றாக சேவ் செய்ய முடியுமா? முடியும். நானும் என்னைப் போன்றவர்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தோம். அந்த முறை ஏன் மாறியது, இப்போது எப்படி நடக்கிறது, புதிய முறையில் உள்ள ஆபத்து என்ன என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். கடைசியில், உங்கள் வீட்டு கம்ப்யூட்டரிலேயே இதனைச் செய்து பார்க்கும் வழியும் தரப்பட்டுள்ளது.

ஒரு சொல் விட்டுப் போன இரவு

என் சொந்த ஊர் காரைக்குடி. வேலை பார்ப்பது சென்னையில், ஒரு டேட்டா சென்டரின் நெட்வொர்க் பிரிவில். டேட்டா சென்டர் என்பது பல நிறுவனங்களின் சர்வர் கம்ப்யூட்டர்களை ஒரே கட்டடத்தில் வைத்து, இடைவிடாத மின்சாரமும் குளிர்ச்சியும் இணைப்பும் தந்து பாதுகாக்கும் இடம். இந்த சர்வர்களை ஒன்றோடொன்று இணைப்பவை ஸ்விட்ச் எனப்படும் பெட்டிகள்.

ஒரே ஸ்விட்ச்சில் பல நிறுவனங்களின் சர்வர்கள் இருக்கலாம். ஒருவர் தகவல் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது. அதற்காக நெட்வொர்க்கை வி-லேன் என்னும் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தருவோம். இரண்டு ஸ்விட்ச்சுகளை இணைக்கும் டிரங்க் என்ற பாதையில், எந்தெந்த எண்களை அனுமதிக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும்.

2009-ல் ஓர் இரவு, புதிய வி-லேன் ஒன்றை நாற்பது ஸ்விட்ச்சுகளின் பட்டியலில் சேர்க்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. கமாண்டுகளை நோட்பேடில் எழுதி வைத்துக் கொண்டு, ஒவ்வொரு ஸ்விட்ச்சாக நுழைந்து, போர்ட் எண்ணை மட்டும் மாற்றி பேஸ்ட் செய்து கொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய வேலை, ஒரு மணி ஆகியும் முடியவில்லை. முப்பத்தோராவது ஸ்விட்ச்சில் சோம்பலாக இருந்ததால் கமாண்டை நேரடியாக டைப் செய்தேன். அதில் "ஆட்" என்ற ஒரு சொல் விட்டுப் போனது.

அந்தச் சொல் இருந்தால், "பட்டியலில் இந்த எண்ணையும் சேர்" என்று பொருள். இல்லாவிட்டால், "இந்த எண் மட்டும் போதும், மற்றதை எல்லாம் எடுத்துவிடு" என்று பொருள். ஸ்விட்ச் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. சொன்னதைச் செய்தது. அந்தப் பாதையில் சென்று கொண்டிருந்த மற்ற அனைத்து வி-லேன்களும் நின்றன. அவற்றில் ஒன்று ஒரு மருத்துவமனையுடையது.

எங்கே தவறு என்று கண்டுபிடித்துச் சரி செய்ய 23 நிமிடங்கள் ஆயின. அந்த நேரத்தில் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் கம்ப்யூட்டர் திரைக்கு வரவில்லை. பணியில் இருந்த டாக்டர் பரிசோதனைக் கூடத்திற்குப் போன் செய்து, முடிவுகளைக் கேட்டுக் கேட்டு காகிதத்தில் எழுதிக் கொண்டாராம். நல்ல வேளையாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் அந்த 23 நிமிடங்களை நான் இன்று வரை மறக்கவில்லை.

சிந்தனையும் உழைப்பும்

நெட்வொர்க் பெட்டி ஒவ்வொன்றும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. "இந்தத் தகவல் எந்த வழியில் போக வேண்டும்" என்று முடிவு செய்வது ஒன்று. முடிவு செய்த வழியில் தகவலைத் தள்ளிவிடுவது இன்னொன்று. முதலாவதை கன்ட்ரோல் பிளேன் என்றும், இரண்டாவதை டேட்டா பிளேன் என்றும் அழைக்கிறார்கள். பழைய முறையில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் போய் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

முடிவு எடுக்கும் வேலையைப் பெட்டிகளிலிருந்து பிரித்து, கன்ட்ரோலர் என்ற ஒரு சாப்ட்வேரிடம் தந்துவிட்டால் என்ன? இந்த எண்ணத்திற்கு வலுவான வடிவம் தந்தது, 2008 ஏப்ரலில் வெளியான ஓபன்ப்ளோ என்ற ஆய்வுக் கட்டுரை. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் நிக் மெக்கியோன் உள்ளிட்ட எட்டுப் பேர் இதனை எழுதினார்கள். அவர்களில் ஒருவர் ஹரி பாலகிருஷ்ணன். 1993-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் பெற்று, பின்னர் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர். 2023-ல் மார்க்கோனி பரிசு பெற்றவர். கல்லூரி வளாக நெட்வொர்க்குகளில் ஆராய்ச்சி மாணவர்கள் புதிய முறைகளைச் சோதிக்க வேண்டும் என்பதே அந்தக் கட்டுரையின் நோக்கம்.

சோதனைக் கூடத்தில் பிறந்தது விரைவில் வெளியே வந்தது. தன் டேட்டா சென்டர்களை உலகம் முழுவதும் இணைக்கும் பி4 என்ற நெட்வொர்க்கை இந்த முறையில் இயக்குவதாக கூகுள் 2013-ல் விரிவான கட்டுரை வெளியிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் லினக்ஸ் பவுண்டேஷன், ஓபன்டேலைட் என்ற இலவச கன்ட்ரோலர் திட்டத்தைத் தொடங்கியது. நவம்பரில் சிஸ்கோ நிறுவனம், ஏ.சி.ஐ. என்ற தன் டேட்டா சென்டர் முறையை அறிவித்தது. இதில் உள்ள கன்ட்ரோலரின் பெயர் ஏபிக். பொதுவாக மூன்று ஏபிக் பெட்டிகளை ஒரு குழுவாக வைப்பார்கள்.

இந்த கன்ட்ரோலர்களுடன் பேசுவதற்குத் தரப்பட்டுள்ள வாசல்தான் வெப் ஏ.பி.ஐ. நாம் பிரவுசரில் ஒரு வெப் பக்கத்தைக் கேட்கும்போது எந்த முறையில் கேட்கிறோமோ, அதே எச்.டி.டி.பி. முறையில் ஒரு புரோகிராம் கன்ட்ரோலரிடம் கேட்கிறது. இதற்கு ரெஸ்ட் என்று பெயர். 2000-ல் ராய் பீல்டிங் என்பவர் தன் டாக்டர் பட்ட ஆய்வேட்டில் இந்தப் பெயரையும் முறையையும் விளக்கினார்.

அப்பத்தா சொன்ன விளக்கம்

இதை எல்லாம் எனக்கு எளிதாகப் புரிய வைத்தது என் அப்பத்தாதான். ஒரு பொங்கல் விடுமுறையில் காரைக்குடி வீட்டின் முகப்பில் லேப்டாப்புடன் உட்கார்ந்திருந்தேன். இரவு வெகு நேரம் ஆகிவிட்டது.

"இந்நேரத்துக்கு யாருக்குடா கடுதாசி எழுதுற?" என்று கேட்டார்.

"சென்னையில இருக்கிற பெட்டிகளுக்கு, அப்பத்தா. என்ன செய்யணும்னு இங்கேருந்தே சொல்லுறேன்."

"ஒவ்வொரு பெட்டிக்குமா?"

"இல்ல. அதுகளுக்கு ஒரு முதலாளி இருக்கு. முதலாளிகிட்ட சொன்னா அது மத்ததுகளுக்குச் சொல்லிரும்."

அப்பத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரெங்கோன் கடை மாதிரின்னு சொல்லு" என்றார்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பகுதியிலிருந்து பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போன காலத்தில், முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். ரங்கூன் கடையை நடத்துபவர் மேலாள் எனப்படும் ஏஜென்ட். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. முதலாளி எழுதும் கடிதத்தில், "பெட்டியைத் திற, இத்தனை ரூபாய் எடு, வலது கையால் கொடு" என்று எழுத மாட்டார். "இன்னாருக்கு இந்த அளவு வரை கடன் தரலாம்" என்று மட்டும் எழுதுவார். எப்படிச் செய்வது என்பது மேலாளுக்குத் தெரியும்.

கன்ட்ரோலரும் இப்படித்தான். "மருத்துவமனையின் பரிசோதனைக் கூட சர்வர்கள் ஒரு பிரிவு. அவை தரவுத்தள சர்வர்களுடன் மட்டும் பேசலாம்" என்று நாம் சொல்கிறோம். எந்த ஸ்விட்ச்சில், எந்த போர்ட்டில், எந்தக் கமாண்ட் என்பதைக் கன்ட்ரோலரும் ஸ்விட்ச்சுகளும் பார்த்துக் கொள்ளும். முதலாளி காய்ச்சலில் படுத்துவிட்டாலும் கடை நடக்கும். அதே போல, ஏ.சி.ஐ. முறையில் கன்ட்ரோலர்கள் மூன்றும் நின்றுவிட்டால் புதிய மாற்றங்கள்தான் செய்ய முடியாது. ஏற்கெனவே நடக்கும் போக்குவரத்தை ஸ்விட்ச்சுகள் தொடர்ந்து நடத்தும்.

அப்பத்தா படுக்கப் போகும்முன் இன்னொன்றும் கேட்டார். "ஐந்தொகை வருதா? கடுதாசி எழுதினா மட்டும் போதுமா? அங்க சரியா நடந்துச்சான்னு கணக்கு வரணும்ல?"

ஐந்தொகை என்பது கடையின் மொத்த வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றைக் காட்டும் கணக்கு. இந்தக் கேள்வியில்தான் ஏ.பி.ஐ. மூலம் நெட்வொர்க்கை நடத்துவதன் முழு ரகசியமும் இருக்கிறது. நாம் சொன்னது ஒன்று. அங்கே நடப்பது ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவரே இந்த வேலையைச் செய்யலாம்.

எப்படிப் பேசுவது?

ஏபிக் கன்ட்ரோலரை எடுத்துக் கொண்டு, வரிசையாகப் பார்ப்போம்.

1. உள்ளே நுழைதல்: நம் புரோகிராம், யூஸர் நேம், பாஸ்வேர்ட் இரண்டையும் கன்ட்ரோலரின் லாக்-இன் முகவரிக்கு அனுப்புகிறது. பதிலாக டோக்கன் என்ற ஒரு நீண்ட எழுத்துச் சரம் கிடைக்கும். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குவது போல. அதன்பின் ஒவ்வொரு முறையும் இந்த டோக்கனைக் காட்டினால் போதும். மாறா நிலையில் இதன் ஆயுள் 600 விநாடிகள். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் மீண்டும் பாஸ்வேர்ட் தர வேண்டும்.

2. படித்தல்: "கெட்" என்ற கட்டளை தகவலைக் கேட்கும், எதையும் மாற்றாது. என்னென்ன பிரிவுகள் உள்ளன, எந்த போர்ட்டில் என்ன இணைந்துள்ளது என அனைத்தையும் கேட்டுப் பெறலாம்.

3. எழுதுதல்: "போஸ்ட்" என்ற கட்டளை புதியதை உருவாக்கும், அல்லது இருப்பதை மாற்றும். நாம் விரும்புவதை ஜேசன் என்ற வடிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். இது பெட்டிக்குள் பெட்டியாக அமையும் ஒரு பட்டியல். வெளிப்பெட்டி டெனன்ட், அதாவது வாடிக்கையாளர். அதற்குள் அவருடைய அப்ளிகேஷன். அதற்குள் சர்வர்களின் குழுக்கள். ஒரே போஸ்ட் கட்டளையை இரண்டு முறை அனுப்பினாலும் இரண்டு குழுக்கள் உருவாகாது. ஏற்கெனவே இருந்தால் அப்படியே விட்டுவிடும். பாதியில் நின்ற புரோகிராமைப் பயமில்லாமல் மறுபடியும் ஓட்டலாம் என்பதால், இது மிகப் பெரிய வசதி.

4. நீக்குதல்: "டெலீட்" கட்டளை. இதில் கவனம் தேவை. வெளிப்பெட்டியை நீக்கினால், உள்ளே இருக்கும் அத்தனையும் சேர்ந்து போய்விடும்.

5. பதில்: கன்ட்ரோலர் 200 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பினால் நம் கட்டளை ஏற்கப்பட்டது என்று பொருள். 400 வரிசையில் வரும் எண்கள், நாம் அனுப்பியதில் ஏதோ பிழை என்று சொல்லும். புதியவர்கள் 200 வந்தவுடன் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்கள். தவறு. கடிதம் முதலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே 200 சாட்சி. ரங்கூனில் என்ன நடந்தது என்பதை, பால்ட் எனப்படும் குறைப் பட்டியலை மீண்டும் ஒரு கெட் கட்டளையால் கேட்டுத்தான் தெரிந்து கொள்ள வேண்டும்.

இந்தக் கட்டளைகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஏபிக் கன்ட்ரோலருக்கு ஒரு வெப் பக்கமும் உண்டு. அதில் ஏ.பி.ஐ. இன்ஸ்பெக்டர் என்ற வசதி தரப்பட்டுள்ளது. இதனைத் திறந்து வைத்துக் கொண்டு மவுஸால் வழக்கம் போல கிளிக் செய்தால், ஒவ்வொரு கிளிக்கிற்கும் பின்னால் செல்லும் ஏ.பி.ஐ. கட்டளையைக் காட்டும். நான் கற்றுக் கொண்டது இப்படித்தான்.

இதைப் போன்ற ஒன்றை நீங்களும் இப்போதே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் குரோம் அல்லது பயர்பாக்ஸ் பிரவுசரில் ஏதேனும் ஒரு வெப் தளத்தைத் திறந்து, எப்12 கீயை அழுத்துங்கள். கிடைக்கும் பகுதியில் நெட்வொர்க் என்ற டேபைக் கிளிக் செய்து, பக்கத்தை ரீப்ரெஷ் செய்யுங்கள். கெட், போஸ்ட் என்று வரிசையாக ஓடுவதைக் காணலாம். இவற்றில் பல, அந்தத் தளத்தின் ஏ.பி.ஐ. கட்டளைகளே.

வேகமான கை, வேகமான தவறு

நாற்பது ஸ்விட்ச்சுகளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் எடுத்த வேலை, ஏ.பி.ஐ. வழியாகச் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அப்படியானால் தவறும் சில விநாடிகளில் நாற்பது இடங்களுக்கும் போய்விடுமே? போகும். இதற்கு உலகறிந்த இரண்டு நிகழ்வுகள் உண்டு.

2021 அக்டோபர் 4. நம் ஊரில் இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. பலர் தங்கள் போனைத்தான் சந்தேகப்பட்டு ஆப் செய்து ஆன் செய்தார்கள். உண்மையில், பேஸ்புக்கின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கில் வழக்கமான பராமரிப்பின்போது, மீதமுள்ள திறனை அளவிட ஒரு கட்டளை தரப்பட்டது. அந்தக் கட்டளை எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இது போன்ற கட்டளைகளைத் தடுப்பதற்கென்றே ஒரு தணிக்கை சாப்ட்வேர் இருந்தது. அதிலும் ஒரு பிழை இருந்ததால் தடுக்கவில்லை. தொலைவிலிருந்து சரி செய்யும் வழிகளும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்ததால், பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. சேவை திரும்ப ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது.

2022 ஜூலை 8. கனடாவில் ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் நெட்வொர்க் அதிகாலையில் விழுந்தது. தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரன்டோவும் இதில் அடங்கும். 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். போன் இல்லை, இன்டர்நெட் இல்லை. இன்டராக் என்ற கார்டு பணப் பரிமாற்ற சேவை நின்றது. பலரால் அவசர உதவிக்கான 911 எண்ணைக் கூட அழைக்க முடியவில்லை. ஏழு கட்டங்களாகத் திட்டமிட்ட ஒரு மேம்பாட்டுப் பணியின் ஆறாவது கட்டத்தில், ரவுட்டர்களில் இருந்த ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டதே காரணம். அது போனவுடன், அளவுக்கு மீறிய வழித் தகவல்கள் மைய ரவுட்டர்களுக்குள் வெள்ளமாகப் புகுந்து அவற்றைத் திணறடித்தன. முதல் ஐந்து கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால், இந்தப் பணிக்கான ஆபத்து அளவு "அதிகம்" என்பதிலிருந்து "குறைவு" என்று மாற்றப்பட்டிருந்தது, பின்னர் நடந்த ஆய்வில் தெரிய வந்தது. இங்கும், பழுது பார்க்கும் நெட்வொர்க் அதே மைய நெட்வொர்க்கை நம்பியே இருந்தது. மொத்தம் சுமார் 26 மணி நேரத் தடை.

இவை இரண்டும் பெரிய நிறுவனங்களின் கதை என்று நினைக்க வேண்டாம். அதே பொங்கல் விடுமுறை இரவில் எனக்கும் இப்படி ஒன்று நடக்கவிருந்தது.

பயன்படாத சர்வர் குழுக்களை நீக்கும் வேலை அது. நீக்க வேண்டியவற்றை ஓர் எக்ஸெல் பைலில் வரிசையாக எழுதித் தந்திருந்தார்கள். நான் எழுதிய பைத்தான் புரோகிராம், ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளர் பெயர், அப்ளிகேஷன் பெயர், குழுவின் பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு முகவரியை உருவாக்கி, டெலீட் கட்டளை அனுப்பும். அனுப்புவதற்கு முன், நீக்கப் போவதை எல்லாம் திரையில் பட்டியலிட்டு, "ஆம்" என்று டைப் செய்யச் சொல்லும்.

பட்டியலை வழக்கப்படி, பணியில் இருந்த இளம் சக ஊழியருக்கு அனுப்பினேன். மதுரைக்காரத் தம்பி. ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"அண்ணே, பதினேழாவது வரியப் பாத்தீங்களா? மத்த வரியில எல்லாம் ஒண்ணு, ரெண்டுன்னு இருக்கு. இதுல மட்டும் 212 பொருள் நீங்கும்னு போட்டிருக்கு."

பார்த்தேன். எக்ஸெல் பைலில் அந்த வரியில் கடைசி இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தன. என் புரோகிராம் காலியாக இருப்பதை விட்டுவிட்டு, இருப்பதை மட்டும் சேர்த்து முகவரியை உருவாக்கியிருந்தது. அதனால் அந்த முகவரி ஒரு சிறு குழுவைக் காட்டாமல், முழு வாடிக்கையாளரையே காட்டியது. "ஆம்" என்று டைப் செய்திருந்தால் அந்த வாடிக்கையாளரின் மொத்த நெட்வொர்க்கும் ஒரு விநாடியில் போயிருக்கும். 2009-ல் ஒரு சொல் விட்டுப் போனது. இந்த முறை ஒரு பெயர்.

நான் கடைப்பிடிக்கும் ஆறு விதிகள்

1. முதலில் படி, பிறகு எழுது. மாற்றத்திற்கு முன் இருந்த நிலையைக் கெட் கட்டளையால் எடுத்து பைலாக சேவ் செய்யவும். மாற்றத்திற்குப் பின்னும் எடுத்து, இரண்டையும் ஒப்பிடவும். எதிர்பார்த்த வேறுபாடு மட்டும் இருந்தால் நல்லது.

2. திரும்பி வர வழி வை. ஏபிக் போன்ற கன்ட்ரோலர்களில் ஸ்நாப்ஷாட் வசதி உள்ளது. மாற்றத்திற்கு முன் ஒன்று எடுத்து வைத்தால், பழைய நிலைக்குத் திரும்பலாம்.

3. வெள்ளோட்டம் பார். என்ன செய்யப் போகிறது என்பதைச் செய்யாமல் காட்டும் வசதி உங்கள் புரோகிராமில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுதியவர் அல்லாத இன்னொருவர் படிக்க வேண்டும்.

4. ஒன்றில் செய், பார், பிறகு மற்றவை. நாற்பதிலும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. ஐந்து முறை நன்றாக நடந்தது என்பதற்காக ஆறாவது முறை இந்த விதியைத் தளர்த்தவும் கூடாது.

5. தனி வாசல் வை. நெட்வொர்க்கைப் பழுது பார்க்கும் வழி, அதே நெட்வொர்க் வழியாகப் போகக் கூடாது. தனி இணைப்பு வேண்டும்.

6. பாஸ்வேர்டை புரோகிராம் பைலுக்குள் எழுதாதே. அந்த பைலை நாலு பேருக்கு அனுப்புவோம். பாஸ்வேர்டும் சேர்ந்து போகும்.

வீட்டில் செய்து பார்க்க

இதற்கு உண்மையான ஸ்விட்ச் எதுவும் வாங்க வேண்டாம். 8 ஜி.பி. ராம் உள்ள கம்ப்யூட்டர் போதும். தேவையான சாப்ட்வேர் அனைத்தும் இலவசம்.

முதலில் விர்ச்சுவல்பாக்ஸ் புரோகிராமை இன்ஸ்டால் செய்து, அதற்குள் உபுண்டு லினக்ஸை அமைக்கவும். அதில் மினிநெட் என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்யவும். ஸ்டான்போர்டில் உருவான இது, ஒரே கம்ப்யூட்டருக்குள் பல ஸ்விட்ச்சுகளும் கம்ப்யூட்டர்களும் இருப்பது போல ஒரு பொம்மை நெட்வொர்க்கை உருவாக்கும். அடுத்து ஜாவாவையும், ஓபன்டேலைட் கன்ட்ரோலரையும் இன்ஸ்டால் செய்யவும். ஓபன்டேலைட்டில் ரெஸ்ட்கான்ப், ஓபன்ப்ளோ ஆகிய இரண்டு வசதிகளையும் நாமே தனியாகச் சேர்க்க வேண்டும். ரெஸ்ட்கான்ப் என்பது 2017 ஜனவரியில் பொது விதியாக வெளியான ஏ.பி.ஐ. முறை.

இப்போது மினிநெட்டில் ஒரு ஸ்விட்ச், இரண்டு கம்ப்யூட்டர்கள் கொண்ட நெட்வொர்க்கைத் தொடங்கி, ஓபன்டேலைட்டைக் கன்ட்ரோலராகக் காட்டவும். ஓபன்ப்ளோ 1.3 பதிப்பைக் குறிப்பிட மறக்க வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றதற்குப் பிங் செய்து பாருங்கள். பதில் வராது. பயப்பட வேண்டாம், ஸ்விட்ச்சுக்கு இன்னும் யாரும் வழி சொல்லவில்லை.

கர்ல் அல்லது போஸ்ட்மேன் புரோகிராம் வழியாகக் கன்ட்ரோலருக்கு இரண்டு விதிகளை அனுப்புங்கள். ஒன்றாம் போர்ட்டில் வருவதை இரண்டாம் போர்ட்டில் விடு. இரண்டில் வருவதை ஒன்றில் விடு. மீண்டும் பிங் செய்தால் பதில் வரும். நீங்கள் எழுதிய கடிதத்தால் ஒரு நெட்வொர்க் உயிர் பெற்றதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சிதான்.

இனிதான் முக்கியமான பாடம். ஸ்விட்ச்சில் உள்ள விதிகளை, கன்ட்ரோலருக்குச் சொல்லாமல், லினக்ஸ் கமாண்ட் மூலம் நேரடியாக நீக்குங்கள். பிங் நின்றுவிடும். ஓபன்டேலைட் இரண்டு கணக்குகளை வைத்திருக்கிறது. நாம் விரும்பியது கான்பிக் பகுதியில் இருக்கும். உண்மையில் இருப்பது ஆபரேஷனல் பகுதியில் இருக்கும். சில விநாடிகள் கழித்து இரண்டையும் கெட் கட்டளையால் கேளுங்கள். முதலாவதில் விதிகள் அப்படியே இருக்கும். இரண்டாவதில் இருக்காது. கடிதத்தின் நகலையும் ஐந்தொகையையும் ஒப்பிடுவது என்றால் இதுதான்.

வேலை போய்விடுமா?

காரைக்குடியில் நெட்வொர்க் படிக்கும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. நேராகவே சொல்கிறேன். இரவு முழுவதும் கமாண்ட் டைப் செய்யும் வேலை எங்கள் இடத்தில் இல்லாமல் போய்விட்டது. அந்த வேலையில் ஆறு பேர் இருந்தோம். நான்கு பேர் பைத்தான் கற்றுக் கொண்டு நெட்வொர்க் பிரிவிலேயே இருக்கிறோம். இருவர் வேறு துறைக்குப் போனார்கள்.

ஆனால் பதினேழாவது வரியைப் பிடித்த தம்பிக்கு அப்போது பைத்தான் அவ்வளவாகத் தெரியாது. ஒரு வி-லேன் போனால் யாருடைய திரை இருட்டாகும் என்பது தெரியும். அதனால் நெட்வொர்க்கின் அடிப்படையை முதலில் படியுங்கள், பிறகு ஏ.பி.ஐ. படியுங்கள். 2021-ல் தமிழக அரசு டேட்டா சென்டர்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. கடலடி கேபிள்கள் கரையேறும் சென்னையில், அம்பத்தூர், சிறுசேரி பகுதிகளில் இத்தகைய கட்டடங்கள் இயங்குகின்றன. அங்குள்ள ஒரு ஸ்விட்ச்சுக்கு வேலை சொல்ல, காரைக்குடி வீட்டு முகப்பும் ஒரு லேப்டாப்பும் போதும்.

அடுத்த நாள் காலை, காலி கட்டம் உள்ள வரி வந்தால் உடனே நின்றுவிடும்படி என் புரோகிராமைத் திருத்தினேன். காபி கொண்டு வந்த அப்பத்தா, "கணக்கு சரியா வந்துச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். இந்த வாரம் மினிநெட்டை இன்ஸ்டால் செய்து, உங்கள் கணக்கும் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.